கொக்கியை எங்கே மாட்டுவது?

வாசகர் கேள்வி:

அண்ணா, நான் புதுக்கோட்டைப் பக்கம். சிங்கப்பூர் வந்து நாலு வருசம் ஆகிறது. ஏர்கான் டக்ட் (காற்றுக் குழாய்) மாட்டும் சப்கான், அதாவது துணை ஒப்பந்தக் கம்பெனியில் இருக்கிறேன். இப்போது துவாஸில் ஒரு ஃபேக்டரி கட்டடத்தில் வேலை. சீலிங் நாலரை மீட்டர் உயரம். வீல் வைத்த சாரத்திலும் ஏ-ஏணியிலும் நின்றுதான் மாட்டுகிறோம். ஹார்னஸ் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) கொடுத்திருக்கிறார்கள், ஆனால் கொக்கியை மாட்ட இடமே இல்லை. சூப்பர்வைசரைக் கேட்டால், "ஹார்னஸ் போட்டிருக்கேல்ல, பத்து நிமிஷ வேலைதானே, ஏறு" என்கிறார். போட்டோ எடுக்கும்போது மட்டும் பக்கத்தில் போகும் பைப்பில் மாட்டச் சொல்வார். போன வாரம் என் ரூம்மேட் ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிளினிக்கில் "டார்மிட்டரி பாத்ரூமில் வழுக்கிவிட்டேன்" என்று சொல்லச் சொல்லி அழைத்துப் போனார்கள். இரண்டு நாள் எம்.சி. (மருத்துவ விடுப்பு) கொடுத்தார்கள். வீக்கம் இன்னும் இருக்கிறது, ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறார்கள். போன வருசம் கம்பெனி மாறும்போது ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் எனக்கு இன்னும் முடியவில்லை. நான் வாயைத் திறந்தால் வொர்க் பெர்மிட்டைக் கேன்சல் பண்ணி ஊருக்கு அனுப்பிவிடுவார்களா? பேசுவதா, பேசாமல் இருப்பதா?

பதில்:

தம்பி, முதலில் உங்கள் ரூம்மேட்டின் கை. ஒரு வாரமாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் அதைச் சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்குக் கட்டைவிரல் பக்கமாக மணிக்கட்டில் இருக்கும் ஒரு சின்ன எலும்பு விரிசல் விடுவது அடிக்கடி நடப்பது. முதல் நாள் எக்ஸ்ரேயில் அது தெரியாமலே போகலாம். கவனிக்காமல் விட்டால் எலும்பு ஒட்டாமல் நின்றுவிடும், பிற்பாடு ஸ்பேனரைப் பிடித்து முறுக்கக்கூட முடியாது. நாளைக்கே பாலிகிளினிக்குக்கோ அரசாங்க மருத்துவமனைக்கோ போகச் சொல்லுங்கள். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லட்டும்: என்ன தேதி, எத்தனை மணி, எந்த சைட், ஏணியில் எத்தனையாவது படி. அவருக்கு வர வேண்டிய பணம், சட்டம் எல்லாம் கீழே எழுதுகிறேன். மருத்துவரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

இனி உங்கள் கேள்வி. பேசத்தான் வேண்டும். ஆனால் "ஏற மாட்டேன்" என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் பேச்சு உங்கள் தைரியத்தைப் பற்றியும், வேலையில் சோம்பலா என்பதைப் பற்றியும் போய்விடும். சூப்பர்வைசரிடம் நீங்கள் ஏற்கெனவே சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: கொக்கியை எங்கே மாட்டுவது? அதையே விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சைட்டில் பாதுகாப்பு அதிகாரியாக வேலை செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கேள்வியை யாராலும் தட்டிக்கழிக்க முடியாது. கேட்க வேண்டிய ஆளிடம் கேட்டால், அவர் இடத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலையை வேறு விதமாகச் செய்ய ஏற்பாடு பண்ண வேண்டும். மூன்றாவது வழி அவருக்குக் கிடையாது.

ஏன் கிடையாது என்றால், சட்டம் அப்படி இருக்கிறது. 2004 ஏப்ரலில் நிக்கல் நெடுஞ்சாலைப் பக்கம் எம்ஆர்டி பாதைக்குத் தோண்டிய பள்ளம் இடிந்து 4 பேர் இறந்தார்கள். அதே ஆண்டில் வேறு பெரிய விபத்துகளும் நடந்தன. அதற்குப் பிறகு பழைய தொழிற்சாலைச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2006 மார்ச் 1 முதல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஆபத்தை யார் உண்டாக்குகிறாரோ, யார் கையில் சைட் இருக்கிறதோ, அவர்தான் அதை முன்கூட்டியே பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. அதன்கீழ் 2013இல் உயரத்தில் வேலை செய்வதற்கென்றே தனி விதிமுறைகள் வந்தன. 3 மீட்டருக்கு மேலிருந்து ஒருவர் விழக்கூடிய வேலை என்றால், பெர்மிட் (உங்கள் வொர்க் பெர்மிட் இல்லை, அந்த வேலையைத் தொடங்க சைட்டில் தரும் அனுமதித் தாள்) இல்லாமல் தொடங்கவே கூடாது. உங்கள் சீலிங் நாலரை மீட்டர். தட்டில் நின்று வேலை செய்யும்போது உங்கள் கால் எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒருமுறை டேப் வைத்து அளந்து பாருங்கள். 3 மீட்டரைத் தாண்டினால் நான் சொல்வது அப்படியே பொருந்தும். தாண்டாவிட்டாலும் விழாமல் பார்த்துக்கொள்ளும் கடமை அவர்களுக்குப் போய்விடாது, பெர்மிட் தாள் மட்டும்தான் கட்டாயம் இல்லாமல் போகும்.

அந்தப் பெர்மிட்டில் மூன்று பேர் சம்பந்தப்பட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசர் விண்ணப்பிக்கிறார். உயர வேலையை மதிப்பிடப் பயிற்சி பெற்ற அசெஸர் ஒருவர் இடத்தை நேரில் பார்த்து, ஏற்பாடுகள் சரியா என்று சொல்ல வேண்டும். பிறகு அதிகாரம் பெற்ற மேனேஜர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்தான பெர்மிட்டை வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். நாளைக்குக் காலையில் வேலை தொடங்கும் முன் அதைத் தேடிப் போய்ப் படியுங்கள். விழாமல் தடுக்க என்ன ஏற்பாடு என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஆங்கர் பாயிண்ட்", அதாவது கொக்கி மாட்டும் உறுதியான இடம், என்று டிக் அடித்திருந்தால், அந்த ஆங்கர் எங்கே என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. பெர்மிட்டே ஒட்டவில்லை என்றால் அதுதான் முதல் கேள்வி.

கேட்கும் நேரமும் முக்கியம். ஏணியில் பாதி ஏறிவிட்டு, கீழே நான்கு பேர் காத்திருக்கும்போது கேட்டால் யாருக்கும் எரிச்சல்தான் வரும். காலையில் வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், சாந்தமாகக் கேளுங்கள். "அண்ணே, இன்னைக்கு கிரிட் அஞ்சில டக்ட் ஏத்துறோம். கொக்கி எங்க மாட்டணும்னு ஒருதடவை காட்டிடுங்க, அதுக்கப்புறம் ஏறிடறோம்." சூப்பர்வைசர் சீனராகவோ பங்களாதேஷ்காரராகவோ இருந்தால், "பாஸ், ஆங்கர் பாயிண்ட் வேர்? யூ ஷோ மீ, ஐ கோ அப்" என்றால் போதும். இதில் மறுப்பு இல்லை. காட்டினால் ஏறத் தயார் என்றுதான் சொல்கிறீர்கள். கூட வேலை பார்க்கும் இரண்டு பேர் அதே கேள்வியைக் கேட்டால் இன்னும் நல்லது, ஒருவர் மேல் மட்டும் பழி விழாது.

சூப்பர்வைசர் காட்டவில்லையா? அடுத்த ஆள் மெயின்கான் சேஃப்டி, அதாவது முதன்மை ஒப்பந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. உங்கள் கம்பெனி சப்கான், சைட் மெயின்கான் கையில். விபத்து நடந்தால் முதலில் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சட்டத்தின்கீழ் உள்ள விதிமுறைகளை மீறுவதற்கான அதிகபட்ச அபராதத்தை 2024 ஜூன் முதல் 20,000 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 50,000 வெள்ளியாக உயர்த்தியிருக்கிறார்கள். 18 மாதத்துக்குள் விதிமீறலுக்கான 25 குறைப்புப் புள்ளி சேர்ந்துவிட்டால் புதிதாக வெளிநாட்டு ஊழியர்களை எடுக்க முடியாமல் போகும், மெயின்கானுக்கும் சப்கானுக்கும் இது பொருந்தும். 50 லட்சம் வெள்ளி அல்லது அதற்கு மேல் மதிப்புள்ள கட்டுமானத் திட்டங்களில் கேமரா வைப்பதும் அதே 2024 ஜூன் முதல் கட்டாயம். ஆகவே மெயின்கான் சேஃப்டி உங்கள் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்பார். நல்லெண்ணத்தில் கேட்காவிட்டாலும் இந்தக் கணக்குக்காகவாவது கேட்பார்.

இப்போது "பத்து நிமிஷ வேலைதானே" என்பதற்கு வருவோம். 3 மீட்டரிலிருந்து விழுகிறவர் முக்கால் வினாடிக்கும் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் தரையில் இருப்பார். அப்போது அவர் வேகம் மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கையை நீட்டி எதையாவது பிடிக்கலாம் என்று மனசு நினைத்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மாட்டாத ஹார்னஸ் அந்த முக்கால் வினாடியில் ஒன்றுமே செய்யாது, சீட் பெல்ட்டை மடியில் போட்டுக்கொண்டு பூட்டாமல் லாரி ஓட்டுவதைப் போலத்தான். 2024இல் சிங்கப்பூரில் வேலையிடத்தில் இறந்த 43 பேரில் 20 பேர் கட்டுமானத் துறையைச் சேர்ந்தவர்கள். உயரத்திலிருந்து விழுவது அந்த மரணங்களின் முக்கியக் காரணங்களில் ஒன்றாக வருடா வருடம் இருந்துகொண்டே இருக்கிறது.

ஆனால் உங்கள் இடத்தைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம் இருக்கிறது, சைட்டில் பலருக்கு இது தெரியாது. நல்ல ஆங்கர் கிடைத்து மாட்டினாலும், நாலரை மீட்டர் உயரத்தில் சாதாரண லேன்யார்டு (ஹார்னஸையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு) உங்களைக் காப்பாற்றாமல் போகலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். லேன்யார்டு நீளம் 2 மீட்டர். விழும் வேகத்தை உறிஞ்ச அதிலிருக்கும் ஷாக் அப்சார்பர் பை பிரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து உங்கள் பாதம் வரை ஒன்றரை மீட்டர். காலுக்கும் தரைக்கும் நடுவே பாதுகாப்புக்காக 1 மீட்டர் விட வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஆங்கருக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் காலி இடம் தேவை. காலடியில் மாட்டினால் இந்தக் கணக்கு அப்படியே நிற்கும். தலைக்கு மேலே மாட்டினால் விழும் தூரம் குறையும், பையும் முழுசாகப் பிரியாது, ஆனாலும் உங்கள் உயரத்துக்கு அது இழுபறிதான். கயிறு இழுத்துப் பிடிப்பதற்கு முன்னால் தரை வந்துவிடும்.

அதனால் இந்த மாதிரி உயரத்தில் முதல் விடை ஹார்னஸ் கிடையாது, கைப்பிடிக் கம்பி. நான்கு பக்கமும் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் மேல்கம்பி, நடுக்கம்பி, காலடியில் டோ போர்டு (ஓரத் தடுப்புப் பலகை), இடைவெளி இல்லாத முழுத் தட்டு. இவை இருக்கும் வீல் சாரத்தில் நின்றால் விழவே வழி இல்லை, கொக்கி மாட்டும் கேள்வியும் பெரும்பாலும் எழாது. இல்லையென்றால் சிசர் லிஃப்ட் (கத்தரி போல விரிந்து ஆளை மேலே தூக்கும் மெஷின்) கேளுங்கள். அதன் கூடையிலேயே கொக்கி மாட்டத் தயாரிப்பாளர் வைத்த வளையம் இருக்கும், ஆனால் அதை ஓட்டப் பயிற்சி பெற்றவர்தான் ஓட்ட வேண்டும். இவை எதுவும் முடியாத மூலையில்தான் ஹார்னஸ், அதுவும் ஓரத்துக்கே போக விடாத அளவுக்குக் குட்டையான கயிறு, அல்லது இழுத்தால் தானே பிடித்துக்கொள்ளும் ரிட்ராக்டபிள். "கொக்கி எங்கே?" என்ற கேள்வியை நான் அவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம். அதற்கு உண்மையாகப் பதில் தேடப் போகும் எந்த அசெஸரும், இங்கே கைப்பிடி வைத்த சாரம்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்துவிடுவார்.

இப்போது இருக்கிற சாரத்தையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டக்ட் உள்ளே வருவதற்கு இடைஞ்சல் என்று ஒரு பக்கக் கம்பியைக் கழற்றி கீழே சாய்த்து வைத்திருப்பார்கள், திரும்ப மாட்டியிருக்க மாட்டார்கள். டக்ட் வேலையில் இது சர்வசாதாரணம். டக்டை ஏற்றியவுடன் மாட்டிவிட்டுத்தான் போல்ட் முறுக்க வேண்டும். நான்கு வீலிலும் பிரேக் இறங்கியிருக்கிறதா, டேகில் கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று பாருங்கள். மேலே ஆளை வைத்துக்கொண்டு சாரத்தைத் தள்ளுவது கூடவே கூடாது. தட்டின் மேல் ஏணியையோ பெயிண்ட் வாளியையோ போட்டு அதில் ஏறுவதும் அப்படித்தான், கைப்பிடிக் கம்பி முழங்காலுக்குக் கீழே போய்விடும்.

ஏ-ஏணி, உங்கள் ரூம்மேட்டை விழ வைத்த சாமான். ஏறி இறங்க, கண நேரம் ஒரு கையால் எதையாவது தொட மட்டுமே அது சரி. தலைக்கு மேலே இரண்டு கையையும் தூக்கி டிரில் போடும்போது ஏணியை எந்தக் கையும் பிடித்திருப்பதில்லை. கான்கிரீட்டில் டிரில் பிட் கம்பியில் மாட்டி நின்றால், மெஷின் திருப்பும் திருப்பில் ஆளே சுற்றிப் போவார். அந்த வேலைக்கு மேடையும் கைப்பிடியும் வைத்த பிளாட்ஃபார்ம் ஏணி இருக்கிறது. அதைக் கேளுங்கள்.

போட்டோ விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் பைப் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஸ்பிரிங்க்ளர் (தீயணைப்புத் தண்ணீர்) பைப்பாகத்தான் இருக்கும். அது தண்ணீரையும் தன் எடையையும் தாங்கத் தொங்கவிட்டது. விழுகிற ஆளின் இழுப்பில் ஹேங்கரோடு பிய்ந்து வரும். கேபிள் டிரே, கண்டியூட், டக்டைத் தொங்கவிடும் திரெட் ராட், நீங்களே இப்போது மாட்டிய டக்ட், எதிலும் மாட்டக் கூடாது. அதைவிட மோசம், அந்தப் போட்டோ ஃபைலில் போய் உட்கார்ந்து "தொழிலாளி கொக்கி மாட்டியிருந்தார், இடம் இருந்தது" என்று சொல்லும். நாளைக்கு நீங்கள் விழுந்தால், "இடம் கொடுத்தோம், அவர்தான் கழற்றிவிட்டார்" என்று பேச அதுவே வசதியாகிவிடும். பாதுகாப்புச் சாமானைச் சரியாகப் பயன்படுத்தாத தொழிலாளிக்கும் அபராதம் உண்டு, முதல் முறை 1,000 வெள்ளி வரை, மறுபடி நடந்தால் 2,000 வெள்ளி வரை. பைப்பில் மாட்டி நிற்கச் சொன்னால், "இது ஆங்கர் இல்லையே அண்ணே, போட்டோ வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுங்கள்.

ஹார்னஸைத் தினமும் போடுமுன் ஒரு நிமிடம் கையால் தடவிப் பாருங்கள். பட்டையை வளைத்துப் பிடித்தால் ஓரத்தில் அறுந்த நூல் மேலே எழும்பி நிற்கும். வெல்டிங் பொறி பட்ட இடம் சின்னக் கறுப்புப் புள்ளியாக, தொட்டால் சொரசொரவென்று இருக்கும். ஷாக் அப்சார்பர் பையின் உறை கிழிந்திருந்தாலோ, ஒருமுறை யாராவது விழுந்து அது பிரிந்திருந்தாலோ, தூக்கிப் போட வேண்டியதுதான், தைத்துப் போடக் கூடாது. கொக்கியின் வாய் விரலை எடுத்ததும் தானாக மூடிப் பூட்ட வேண்டும். தொடைப் பட்டைக்குள் உள்ளங்கை தட்டையாகப் போகலாம், முஷ்டி போகக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் தளர்த்திவிட்டு மறந்துவிடுகிறவர்கள் நிறைய. முதுகு வளையம் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் நிற்க வேண்டும், இடுப்புக்கு இறங்கியிருந்தால் விழும்போது தலைகீழாகப் போவீர்கள். இந்தச் சாமானுக்கெல்லாம் உங்கள் சம்பளத்தில் ஒரு காசு பிடிக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை.

யாராவது விழுந்து ஹார்னஸில் தொங்கினால் ஆம்புலன்ஸுக்கு 995இல் போன் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்கக் கூடாது. தொடைப் பட்டை இறுக்கி, இரத்தம் காலிலேயே தேங்கி, தொங்குகிறவர் சில நிமிடத்திலேயே மயங்கலாம். சிசர் லிஃப்ட்டோ சாரமோ கொண்டுபோய் உடனே காலுக்குத் தாங்கல் கொடுத்து இறக்க வேண்டும். யார், எதை வைத்து இறக்குவது என்று வேலை தொடங்கும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதையும் கேளுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டக்ட்காரர்கள் எப்போதும் ரைசர் ஓட்டைகளைச் சுற்றித்தான் வேலை செய்கிறார்கள். தளத்தில் டக்ட் இறங்க விட்ட ஓட்டையின் மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டு மூடியிருப்பார்கள். ஆணி அடிக்காமல், எழுதி வைக்காமல் சும்மா கிடக்கும். வேறொரு டிரேடு ஆள் வருகிறார், நல்ல பலகை கிடக்கிறதே என்று குனிந்து ஒரு விளிம்பைப் பிடித்து இரண்டு கையாலும் தூக்கி நெஞ்சோடு சாய்த்துக்கொள்கிறார். இப்போது பலகை அவர் கண்ணை மறைக்கிறது. எடுத்துக்கொண்டு போக ஓரடி முன்னால் வைக்கிறார். அந்த அடி விழுவது அந்தப் பலகை மூடியிருந்த ஓட்டையில். கட்டுமானத்தில் இப்படி நேர்ந்த மரணங்கள் பல நாடுகளில் உண்டு. தரையில் கிடக்கும் பலகையை எடுக்க வேண்டியிருந்தால், பின்னால் நகர்ந்தபடி இழுங்கள், தூக்கி முன்னால் நடக்காதீர்கள். அதற்கு முன்னால் காலால் ஒரு ஓரத்தை நகர்த்தி அடியில் தரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓட்டையை மூடினால் ஆணி அடித்து, சிவப்பில் பெரிதாக "ஓட்டை" என்று தமிழிலும் "ஹோல்" என்று இங்கிலீஷிலும் எழுதி வையுங்கள்.

சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கூரைக்கு அடியில் காற்றே இல்லாமல் வேலை செய்யும்போது தலை சுற்றினால், உயரத்தில் அது ஆளைக் கீழே தள்ளிவிடும். 2023 அக்டோபர் முதல் வெளிப்புற வேலைகளுக்கு மனிதவள அமைச்சு விதித்தபடி, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெட்பக் குறியீடு 32 டிகிரியைத் தொட்டால் கடினமான வேலையில் மணிக்கு 10 நிமிடமாவது நிழலில் ஓய்வு, 33ஐத் தொட்டால் 15 நிமிடம். கூரைக்கு அடியிலும் அதே பழக்கம் நல்லது, தண்ணீரை மேலே கொண்டுபோய் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பயம். அதைச் சின்னதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. முதலாளி நினைத்தால் வொர்க் பெர்மிட்டைக் கேன்சல் செய்ய முடியும், அது உண்மை. ஆனால் அதிகாரிகளுக்குத் தகவல் சொன்னதற்காகவோ, விசாரணைக்கு உதவியதற்காகவோ ஒரு தொழிலாளியை வேலையிலிருந்து எடுப்பதும், எடுப்பேன் என்று மிரட்டுவதும் சட்டப்படி குற்றம். நீங்கள் டூல்பாக்ஸில் கேட்டும், மெயின்கான் சேஃப்டியிடம் சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், மனிதவள அமைச்சின் ஸ்நாப்சேஃப் என்ற புகார் தளம் வழியாகப் படத்தோடு சொல்லுங்கள். சொன்னவர் யார் என்பதை அமைச்சு வெளியிடாது. படத்தில் இடம் தெளிவாக வரட்டும், தளம், கிரிட் எண், தேதி, நேரம் எழுதுங்கள். உங்கள் முகமும் நிழலும் வர வேண்டாம். இடம் தெரிந்தால்தான் ஆய்வாளர் வந்து பார்க்க முடியும், ஆபத்து பெரிது என்றால் வேலையை நிறுத்தவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

இன்னொன்று. இந்தக் கம்பெனியில் கடைசிவரை இருந்தாக வேண்டும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வொர்க் பெர்மிட் முடியும் தேதிக்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே இன்னொரு கட்டுமானக் கம்பெனி உங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அந்தத் தேதியை இன்றே கணக்குப் போட்டு வையுங்கள். மறுபடி ஏஜெண்ட் பணம் என்று ஒன்று வராமல் நேரடியாகக் கம்பெனியைத் தேடுங்கள், சாங்கி, துவாஸ் பக்கம் பழைய சைட்டில் கூட இருந்த சூப்பர்வைசர்களைக் கேட்டுப் பாருங்கள்.

உங்கள் ரூம்மேட்டிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் மேல் தப்பு என்ற கேள்வியே இல்லை. அவரே அஜாக்கிரதையாக ஏணியில் நின்றிருந்தாலும், வேலை செய்யும்போது விழுந்தார் என்றால் இழப்பீடு உண்டு. உடலுழைப்பு வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் முதலாளி இதற்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும், அதனால் மருத்துவச் செலவு முதலாளியின் சொந்தப் பையிலிருந்து போவதும் இல்லை. வேலையில் அடிபட்டு ஒரு நாள் எம்.சி.யோ லைட் டூட்டியோ (இலகுவான வேலை) கொடுத்தாலே, விஷயம் தெரிந்த 10 நாளுக்குள் முதலாளி அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும். எம்.சி. நாட்களுக்கு, வெளிநோயாளியாக இருந்தால் 14 நாள் வரையும் மருத்துவமனையில் தங்கினால் 60 நாள் வரையும் முழுச் சம்பளம், அதற்கு மேல் விபத்து நடந்து ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. முழுச் சம்பளம் என்றால் ஓ.டி.யும் சேர்த்து முந்தைய 12 மாதத்தின் சராசரி, அடிப்படைச் சம்பளம் மட்டும் தந்தால் ஏமாற வேண்டாம். லைட் டூட்டிக்கும் இதே கணக்குத்தான். 2025 நவம்பர் 1 முதல் நடக்கும் விபத்துகளுக்கு மருத்துவச் செலவு 53,000 வெள்ளி வரை கிடைக்கும். கை பழையபடி ஆகாவிட்டால் நிரந்தர ஊனத்துக்கு அதற்கு மேல் தனி இழப்பீடு உண்டு.

இவை எல்லாவற்றையும் "பாத்ரூமில் வழுக்கிவிட்டேன்" என்ற ஒரு வாக்கியம் அடைத்துவிடும். டார்மில் வழுக்கியது வேலைக்காயம் ஆகாது. அதனால்தான் அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தார்கள். சீக்கிரம் திருத்தினால் சரியாகும். நாளைக்குப் பார்க்கும் மருத்துவரிடம், "முதலில் அப்படிச் சொல்லச் சொன்னார்கள், உண்மையில் சைட்டில் ஏணியிலிருந்து விழுந்தேன்" என்று அவர் தெளிவாகச் சொல்லட்டும், அதை எழுதிக்கொள்ளும்படி கேட்கட்டும். எம்.சி. எத்தனை நாள் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கூட வரும் கம்பெனி ஆள் அறைக்குள் வராமல் வெளியே இருக்கலாம் என்று கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு.

அன்றைக்கு வேலைக்கு வந்த பதிவு, விழுந்ததைப் பார்த்தவர்கள் பெயர், சூப்பர்வைசர் வாட்ஸ்அப்பில் அனுப்பியவை, வீங்கிய கையின் படம், சம்பளச் சீட்டு, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து, ஊரில் வீட்டு ஆள் ஒருவருக்கும் அனுப்பி வைக்கட்டும். முதலாளி அறிவிக்காவிட்டால் அவரே அமைச்சிடம் நேரடியாகக் கோரிக்கை கொடுக்கலாம், விபத்து நடந்த தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது பெர்மிட் கேன்சல் ஆனாலும், சிகிச்சைக்கும் வழக்குக்கும் இங்கேயே தங்க ஸ்பெஷல் பாஸ் உண்டு, அவருடைய சாப்பாடு, தங்குமிடம், மருத்துவம் முதலாளியின் பொறுப்பு. அவசரமாக ஏர்போர்ட்டுக்கு அழைத்துப் போகப் பார்த்தால், குடிநுழைவு முகப்பில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்கு வேலைக்காயக் கோரிக்கை இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று சொல்ல வேண்டும்.

பேச்சுத் துணைக்கு எம்.டபிள்யூ.சி. என்ற மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டர் இருக்கிறது, 6536 2692, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அவர் தனியாகப் போன் செய்யத் தயங்கினால், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். ஏணியிலிருந்து அவர் விழுந்ததை நீங்கள் பார்த்திருந்தால் அதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.